இடது பக்கம் இழுக்கும் துப்பாக்கி

6-7-81, திங்கள்

காலையிலிருந்து சாரல். கடை போட்டாயிற்று. மெயினருவிக்குப் போகும் ரோட்டில் போன வருஷ இடமேதான், ஆனால் தகரம் ஒழுகுகிறது. பலூன் பலகைக்குப் புதுச் சிவப்புத் துணி அடித்தேன். ஆணி விரலில் ஏறி ரத்தம். துணியும் சிவப்பு என்பதால் கறை தெரியவில்லை.

துப்பாக்கி நாலையும் துடைத்து வைத்தேன். ஜெர்மன் ஒன்று, கல்கத்தா மூன்று. எல்லாம் ஈயக்குண்டு போட்டுச் சுடுகிற ஏர்கன்தான். ஜெர்மனை என் வீட்டுக்காரர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். என் மாமனார் செங்கோட்டைப் பக்கம் எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தபோது துரை ஊருக்குப் போகையில் கொடுத்தது. வருகிறவர்கள் சுடுவது கல்கத்தாவில். மூன்றிலும் குறி பார்க்கிற முள்ளை இவரே குறடு வைத்து வளைத்திருக்கிறார். ஒன்று இடது பக்கம் இழுக்கும், ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். எல்லா பலூன் கடையிலும் நடக்கிறதுதான். எல்லாம் நேராகச் சுட்டால் கடைக்காரன் பலூன் ஊதியே செத்துப்போவான்.

தினம் தினம் முழுப்பேர் எழுத முடியாது. இனி ஜெ. என்றால் ஜெர்மன், க. என்றால் கல்கத்தா.

எதிரில் புதுக்கடை. வாசுதேவநல்லூர்க்காரனாம். ட்யூப் லைட், ரெண்டு ஸ்பீக்கர். "கல்கத்தா ஓட்ட ஒடசல் இங்கன கெடையாது! நாலும் ஜெர்மன்! குறி தப்பாது!" எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டே மைக்கில் சொல்கிறான். என் கொழுந்தன் சங்கரன் பந்தக்கால் கம்பியை உருவினான். இவர் தம்பியின் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

செருப்பு வார் அறுந்தது. மாவு புளித்துவிட்டது.


7-7-81, செவ்வாய்

இன்று உட்கார வைக்க முடியவில்லை.

எதிர்க்கடைக்காரன் எங்கள் கடை வாசலுக்கே வந்து, துப்பாக்கியைக் கையில் வாங்கிவிட்ட ஆளை முழங்கையைப் பிடித்து இழுத்துப் போனான். சங்கரன் கம்பியோடு பாய்ந்தான். அவர்கள் ஆள் ஒருவனுக்கு முன்பல் போயிற்று. சங்கரனுக்குக் காது கிழிந்தது. நான் பக்கத்து டீக்கடையில் பால் கொதிக்கிற சட்டியைத் துணி வைத்துத் தூக்கிவிட்டேன். டீக்கடை அண்ணாச்சி, "ஏ தாயி, கீழ வைம்மா, வியாவாரம் போயிரும்" என்று பிடுங்கி வைத்துவிட்டார். ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லையே என்று இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டுப் போனார். கூட்டம் முழுவதும் அதன் பிறகு எதிர்க்கடைக்குத்தான் போனது. அடி வாங்கினவன் கடையில்தான் விறுவிறுப்பு.


9-7-81, வியாழன்

நல்ல தண்ணீர். அருவியில் தலையே நுழையவில்லையாம், அவ்வளவு கூட்டம். எங்கள் கடையில் ஈ.

மத்தியானம் சாப்பாட்டில் சங்கரன் ஆரம்பித்தான்.

"மதினி பலகைக்கு முன்னால நிக்கட்டும். தலையச் சுத்திப் பலூன். அண்ணன் சுடட்டும். அதுக்குப் பொறவு எதிர்க்கடையில ஒருத்தன் நிக்கானா பாப்போம்."

கரண்டியை எறிந்தேன். குனிந்துகொண்டான். சாம்பார் சுவரெல்லாம்.

"ஒன் தலையச் சுத்திக் கட்டேம்லே" என்றேன்.

"என்னயச் சுட்டா எவன் மதினி நின்னு பாப்பான்?"

அது உண்மைதான். அதுதான் எரிச்சல். அதைவிட எரிச்சல், இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஜெர்மன்ல சுட்டா ஒரு முடி கூடத் தப்பாது" என்றார். சாப்பிடும்போதே மனசுக்குள் என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டார்.


10-7-81, வெள்ளி

மேலகரத்து வீட்டுப் பின்கட்டில் பரீட்சை. இவர் வேண்டாம் என்றார். நிற்கப்போவது நான், பார்க்க வேண்டியதும் நான். எனக்கும் சுட வரும். சீசன் பூராவும் குண்டு போட்டுக் கொடுக்கிறவளுக்கு வராதா.

கடையில் ஆள் நிற்கிற தூரத்திலேயே நின்று சுட்டேன்.

பார் சோப்பு. ஜெ. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்ப் பலகையில் ஏறிற்று. க. பாதி சோப்பில் நின்றுவிட்டது.

மங்குஸ்தான். ஜெ. பட்டுச் சிதறிற்று, ஓடு ஒரு பக்கம், சுளை ஒரு பக்கம். க. பட்டு ஓட்டில் குழி, பழம் உருண்டு போயிற்று.

மடித்த பாவாடை. ஜெ. எல்லா மடிப்பிலும் ஓட்டை. நல்ல பாவாடை. க. துணியை இடித்துக் கீழே விழுந்தது.

அடுத்து சங்கரன். "திரும்பி நில்லுலே" என்றேன். விளையாட்டு என்று நினைத்துத் திரும்பினான். க. வைத்துப் பின்பக்கம் ஒன்று. கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரத்தமில்லை. சிவந்து தடித்திருந்தது என்று இவர் பார்த்துச் சொன்னார். ராத்திரி வரைக்கும் ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனசு கொஞ்சம் ஆறியது.

ஆக, ஜெ. சொன்ன இடத்தில் படும், பட்டால் உள்ளே போகும். க. கோணல், ஆனால் பட்டால் வீங்குவதோடு சரி. நான் நிற்பதென்றால் க.வுக்கு முன்னால்தான் நிற்பேன்.

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்பி நிக்கதுக்கு ஜெர்மன்தாண்டி. கல்கத்தா குடிகாரன் கணக்கா. எங்க அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"குடிகாரன் அடிச்சா வீங்கும். ஒங்க ஜெர்மன் அடிச்சா கண்ணு போவும். எது தேவல?"

கடைசியில் இடது பக்கம் இழுக்கிற க. என்று முடிவு. எவ்வளவு இழுக்கும் என்று இவருக்கு அத்துப்படி, வளைத்த கை அவருடையதுதானே. அந்த அளவுக்கு வலது பக்கம் தள்ளிக் குறி வைத்தால் பலூன் உடையும்.

நான் சம்மதித்தேன். யாரும் என் தலையில் கட்டவில்லை. இந்த சீசன் படுத்துவிட்டால் அடுத்த வருஷ ஏலத்தில் எங்கள் இடத்தையும் எதிர்க்கடைக்காரன் எடுப்பான். அவன் என் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.


12-7-81, ஞாயிறு

நின்றேன்.

பச்சைச் சேலை. தலைக்கு மேலே ஒரு பலூன், காதுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று, தோளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று. கண் பக்கம் எதுவும் கூடாது என்பது என் கண்டிஷன். ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம். சங்கரன் பார்க்கிறவர்களிடம் துட்டு வாங்கிக்கொண்டே மைக்கில் தொண்டை கிழியக் கத்துகிறான்.

குழாய் வாய் என்னைப் பார்த்துத் திரும்பிற்று. இவர் முகம் துப்பாக்கிக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தது. முதல் பலூன் காதோரம் வெடித்ததும் கொய்யென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவது என் மேல்கையில்.

"அம்மா!" என்று அலறிவிட்டேன். தேளே கொட்டினாலும் அப்படி இராது.

கூட்டத்தில் கைதட்டல். விசில். எதிர்க்கடையில் நின்றவர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். ஒருவன் கூப்பிட்டது நன்றாகக் கேட்டது: "ஏலே மாப்ள, இங்கன வாலே, பொம்பளயச் சுடுதான்!"

வீட்டில் இவர் எண்ணெய் தடவிவிட்டார். "மூணும் ஒண்ணு போல இருக்குட்டி. மாறிப்போச்சு. மேல ஏறுதத எடுத்துட்டேன் போல."

பாவமாக இருந்தது. நான்தான் சமாதானம் சொன்னேன். சிரித்துக்கூட வைத்தேன்.


13-7-81, திங்கள்

கை நாவல்பழ நிறம். ரவிக்கைக் கை ஏறவில்லை, தையலைப் பிரித்துவிட்டேன்.

இடது பக்கம் இழுக்கிற க.வின் கட்டையில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். இரட்டை முடிச்சு. இனி மாறாது.


15-7-81, புதன்

எதிர்க்கடையில் உயிர் போயிற்று. குரங்கு.

காலையில் அது தகரத்தில் உட்கார்ந்து அவன் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. நாங்களும் க.வில் சுட்டுத்தான் விரட்டுவோம், கத்திக்கொண்டு ஓடிவிடும். இவன் ஜெ. எடுத்துவிட்டான். காதுக்குக் கீழே பட்டது. அப்படியே மல்லாந்து ரோட்டில் விழுந்தது. பழம் வாயிலேயே இருந்தது.

"ஆஞ்சநேயரக் கொன்னுட்டான்!" என்று யாரோ கத்த, குளிக்கப் போனவன், குளித்துவிட்டு வந்தவன், எண்ணெய் தேய்க்கிறவன், எல்லாரும் பாய்ந்தார்கள். கடையைப் பிய்த்து எறிந்தார்கள். அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். மண்டை பிளந்து ரத்தம் சாக்கடையோடு போயிற்று. சங்கரனும் போய் நாலு மிதி மிதித்துவிட்டு வந்தான். இவர் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிறகு இல்லை.

அடித்தவர்களே அப்புறம் குரங்குக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு, புது வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். குழியில் பால் ஊற்றினார்கள். தலையில் கட்டோடு அவனையும் கூட்டி வந்து முதல் கைப்பிடி மண்ணைப் போடச் சொன்னார்கள். விம்மி விம்மி அழுதான். வலியிலா, பயத்திலா, குரங்குக்காகவா, தெரியவில்லை.

ராத்திரி இவர், "நல்லவேள, நாம ஜெர்மன எடுக்கல" என்றார். ஆமாம் என்றேன்.


16-7-81, வியாழன்

எதிர்க்கடை திரும்பத் திறந்தாயிற்று. தலைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். நேற்றைவிடக் கூட்டம். குரங்கைக் கொன்ற ஆள் யார் என்று பார்க்க வருகிறார்கள். அந்தத் துப்பாக்கியிலேயே சுட வேண்டும் என்று சண்டை போடுகிறார்கள்.

சாயங்காலம் நின்றேன். எல்லா பலூனும் உடைந்தது, என் மேல் ஒன்றும் படவில்லை. கூட்டம் பாதியில் கலைந்துவிட்டது.


18-7-81, சனி

வலது தோள்பட்டை எலும்பில்.

ரிப்பன் கட்டின க. நானே எடுத்து, நானே குண்டு போட்டு, இவர் கையில் கொடுத்தேன். மாறவில்லை.

இவர் சொன்னது: "சாரல்ல ஸ்பிரிங் துருப்பிடிச்சுத் தளந்துபோச்சு. வெல கொறஞ்ச சாமான் அப்படித்தாண்டி. நேத்து ஒரு மாதிரி இழுக்கும், இன்னைக்கு வேற மாதிரி இழுக்கும்."

நேற்று முன்தினம் ஒழுங்காகத்தானே இழுத்தது.

துண்டு கட்டின ரெண்டு பேர் பேசிக்கொண்டு போனது: "ஞாயித்துக்கெழம கையில பட்டிச்சாம். இன்னைக்குத் தோள்ல. நாளைக்கும் வருவோம்லே."

சங்கரன் மைக்கில் இப்போது குறியைப் பற்றிப் பேசுவதே இல்லை. "அக்கா மேல இன்னைக்கும் படுமா? நின்னு பாத்துட்டுப் போங்க!" இதைத்தான் விற்கிறான். கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்: "படாத அன்னைக்கு ரெண்டாவது ஆட்டத்துக்கு ஆளே இல்லல்லா மதினி. நீங்களும் பாத்தியள்லா."


19-7-81, ஞாயிறு

இன்று இரண்டு. ஒன்று பழைய இடத்திலேயே, கன்றின கை. இன்னொன்று கழுத்தோரம்.

சோறு முழுங்க முடியவில்லை. கஞ்சி. அதுவும் பாதி.

எதிர்க்கடையில் ஒரு ஈ இல்லை. கழுத்து வலிக்காமல் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.


20-7-81, திங்கள்

இவரும் சங்கரனும் பலூன் வாங்கத் தென்காசி போனார்கள். நான் கழுத்து வலி என்று வீட்டில்.

பின்கட்டுப் பெஞ்சில் ரிப்பன் துப்பாக்கியை வைத்து, இரண்டு பக்கமும் அம்மிக்கல்லும் ஆட்டுரல் குழவியும் முட்டுக் கொடுத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுகக் கட்டினேன். அசையாமல். எதிர்ச் சுவரில் பலகை. சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி, முள் அதைப் பார்க்கிற மாதிரி.

முதல் குண்டு இடது பக்கம், ஒரு கைப்பிடி தள்ளி. இரண்டாவது அதே இடம். மூன்றாவது அதே ஓட்டைக்குள் போயிற்று. பயமாக இருந்தது. சுட்டுக்கொண்டே இருந்தேன். குண்டு டப்பா காலியாகும் வரைக்கும் சுட்டேன். பலகையில் ஒரே ஒரு ஓட்டைதான், ஓரம் கொஞ்சம் பெரிதாகி. சாரல் இன்றும் உண்டு. துருவும் இருக்கிறது, கையில் ஒட்டுகிறது. ஆனாலும் அதே இடம்.

புது டப்பா உடைத்து மற்ற ரெண்டையும் கட்டிப் பார்த்தேன். மேலே ஏறுவது மேலேயே. கீழே இறங்குவது கீழேயே. ஜெ. குறியின் நடுவில்.

விலை கூடினது நேராகச் சுடுகிறது, விலை குறைந்தது கோணலாகச் சுடுகிறது. ஆனால் போன வாரம் சுட்டபடிதான் இந்த வாரமும் சுடுகிறது. நான்கில் எதை வேண்டுமானாலும் நம்பலாம். எவ்வளவு கோணல் என்று தெரிந்தவன் கையில் க.வும் ஜெ.வும் ஒன்றுதான். எவ்வளவு கோணல் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்?

அப்படியானால் என் மேல் பட்டது ஒவ்வொன்றும் குறி வைத்துப் பட்டது.

எழுதிவிட்டேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். அதுதான்.

அடுப்பில் இருந்த சோற்றை வடிக்காமல் அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். பானையையும் போட்டு உடைத்தேன்.


21-7-81, செவ்வாய்

கேட்டேன். காலையில், பல் விளக்கும்போதே.

குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். சாஸ்தா கோயில் பக்கம் திரும்பிக் கையை நீட்டி. "ஒன்னய நான் சுடுவனாட்டி? துப்பாக்கி சரியில்ல, நான் என்ன செய்ய?"

பலகையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். எப்படிக் கட்டினேன், எப்படிச் சுட்டேன் என்று சொன்னேன். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். எழுந்து பளாரென்று என் கன்னத்தில் ஒன்று.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் கையை ஓங்கினதில்லை. அந்தப் பெருமையை என் அண்ணனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அடித்துவிட்டு அவரே பயந்துபோய்ச் சட்டை போடாமல் வெளியே போய்விட்டார்.

அறை பெரிதாக வலிக்கவில்லை. என் மேல் ஏதோ ஆத்திரத்தில் சுட்டிருந்தால்கூட, திரும்ப நாலு கேட்டுவிட்டு விட்டிருப்பேன். ஆத்திரமே இல்லை. நான் அலறினால் ஆள் வரும் என்று சுட்டிருக்கிறார். சுட்டுவிட்டு வந்து எண்ணெய் தடவியிருக்கிறார். அந்த எண்ணெய்தான் தாங்க முடியவில்லை.


22-7-81, புதன்

உடம்பு சரியில்லை என்று நிற்கவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சுரண்டை பஸ் வீட்டு முன்னால்தான் போகிறது. அங்கே அண்ணன் வீட்டில் ஒரு பாய் கிடைக்கும். "என்னம்மா விசயம்" என்று மதினி கேட்பாள், பிறகு ஊர் கேட்கும். புருஷன் சுட்டான் என்றால் சிரிப்பார்கள், பலூன் துப்பாக்கியா என்பார்கள்.

போகப்போவதில்லை. கடையில் அடித்த ஒவ்வொரு ஆணியும் நான் அடித்தது.

வாங்க வேண்டியது: புளி, வத்தல், விளக்குத் திரி, ரவிக்கை ஹூக்.


23-7-81, வியாழன்

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிற்கிறேன், ஆனால் ஜெ.வில்தான் சுட வேண்டும்.

இவர் முகம் சுண்டிவிட்டது. "ஜெர்மன்லயா? வெளையாடுதியா? பட்டா உள்ள போயிரும்ட்டி."

"ஏன் படுது? குறி தப்பாதுன்னு நீங்கதான சொன்னிய."

"கை கொஞ்சம் அசஞ்சா?"

"இத்தன வருசம் அசையாத கை அன்னைக்கு மட்டும் ஏன் அசையுது?"

சங்கரன் குறுக்கே வந்தான். "மதினி, எதுக்கு வம்பு? நம்ம கல்கத்தாவே போதும்." அவன் வாயால் கல்கத்தாவுக்குச் சிபாரிசு. சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு வெளியே நின்று இருவரும் குசுகுசு. சங்கரன் குரல் மட்டும் கேட்டது. "அன்னைக்கு ஒரு நாள் படாமச் சுட்டுட்டுப் போ. பொறவு பாத்துக்கிடலாம்."

பொறவு!

க.வில் பட்டால் பழியைத் துப்பாக்கியின் தலையில் போட்டுவிடலாம். ஜெ.வில் பட்டால் பழி போட ஆள் கிடையாது. கண்ணே போனாலும் சரி, எனக்கு உண்மை தெரிய வேண்டும். இப்படி எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது மனசு.


25-7-81, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெ.வைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார். "நாளைக்கு வேண்டாமே கோமதி" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. ஒரு நொடி மனசு இளகிற்று. அப்போது கழுத்தைத் திருப்பினேன், வலித்தது. இளகினது போய்விட்டது.


26-7-81, ஞாயிறு

இவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாரல் பிடித்துக்கொண்டது, நனைகிறார். கதவுக்கு உள்தாழ் போட்டிருக்கிறேன். துப்பாக்கி நாலும் என் கட்டிலுக்கு அடியில். சங்கரன் எங்கே போனான் என்று தெரியவில்லை, தெரியவும் வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இந்த சீசனிலேயே பெரிய கூட்டம். மரத்தில்கூட ஏறி நின்றார்கள். எதிர்க்கடைக்காரனே தலைக்கட்டோடு வந்து நின்றான். ஜெ.வில் நானே குண்டு போட்டு இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன்.

இவர் துப்பாக்கியைத் தூக்கினார். குழாய் ஆடிற்று. இறக்கினார். துடைத்துக்கொண்டு திரும்பத் தூக்கினார். திரும்பவும் ஆடிற்று. "கை நடுங்குது, இன்னைக்கு வேண்டாம்" என்றார். கூட்டம் ஊளையிட்டது. யாரோ தேங்காய் மட்டையை எறிந்தார்கள்.

நான் நடந்து போய்த் துப்பாக்கியை வாங்கினேன். "அப்பம் நீங்க போய் நில்லுங்க."

விசில் காதைப் பிளந்தது. இத்தனை பேருக்கு முன்னால் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பெயர் வாங்க முடியாதே. போய் நின்றார். சங்கரன் பலூன் கட்டுகிறதற்காக மைக்கைப் பலகைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தான், இவர் தோளுக்கு நேரே. பயத்தில் அதை எடுக்க மறந்துவிட்டான்.

ஜெ. கனம். குறி பார்த்தேன். விசையில் இன்னும் விரல்கூட வைக்கவில்லை. இவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் கோமதி! சங்கரன்தான் கூட்டத்துக்காவப் படும்படியாச் சுடுன்னான்! கையிலயும் தோள்லயும்தான் சுட்டேன், கண்ணுப் பக்கம் வரலட்டி!"

மைக் அதை அப்படியே எடுத்து ரோடு பூராவும் கேட்க வைத்தது. எனக்கு ஸ்பீக்கரில் இன்னொரு முறை கேட்ட மாதிரி இருந்தது. கையிலும் தோளிலும். கழுத்தைச் சொல்லவில்லை.

சங்கரன் ஓடி வந்தான். குழாயை அவன் பக்கம் திருப்பினேன். அப்படியே நின்றுவிட்டான். திரும்ப இவரைப் பார்த்தேன். "கைய எடுங்க" என்றேன். எடுத்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

சுட்டேன். தலைக்கு மேலே இருந்தது உடைந்தது. குண்டு போட்டேன், காதுப் பக்கம். குண்டு போட்டேன், அடுத்த காதுப் பக்கம். ஒவ்வொரு வெடிக்கும் இவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஆசை இருந்தது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன். குறி அவர் தோளுக்குப் போய்ப் போய் வந்தது. கழுத்துக்கும் போயிற்று. ஆனால் பலூனைத் தவிர எதிலும் படவில்லை. கடைசிப் பலூனுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அதையும் உடைத்தேன்.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவன், தலையில் எண்ணெய் வழிய, ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டான்: "என்னக்கா, ஆள் மேல ஒண்ணுகூடப் படல? துட்டத் திருப்பிக் குடுங்க."

இன்னொரு குண்டு போட்டேன்.

"நீ வந்து நில்லுலே" என்றேன். "படும்படியாச் சுடுதேன்."